பிரியா விகார் சிவன் கோயில்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் பீரங்கிகளால் மோதிக்கொண்ட ஐந்து நாட்களும் என் கைபேசி ஓயவில்லை. "சிவன் கோயிலுக்காகச் சண்டையாமே, அது எந்தக் கோயில்?" என்று அத்தை மகன் தொடங்கிப் பழைய சக ஆசிரியர்கள் வரை கேட்டார்கள். கம்போடிய மக்களான கெமர்களின் பழைய கோயில்களைப் பற்றி நான் படித்துவருவதும், 2019-ல் பிரியா விகார் கோயில் மலைக்குப் போய்வந்ததும் அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டுவிட்டேன்.

இந்தக் கோயில் தாய்லாந்தில் இருக்கிறதா, கம்போடியாவில் இருக்கிறதா?

கம்போடியாவில் இருக்கிறது. அந்நாட்டின் வடக்கு எல்லையில் டாங்ரெக் என்றொரு மலைத்தொடர் ஓடுகிறது. கெமர் மொழியில் டாங்ரெக் என்றால் தோளில் சுமை தூக்கும் கம்பு. நம் காவடித் தண்டு போன்றது. அந்தத் தொடரில் ஏறத்தாழ 525 மீட்டர் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை முனையில் கோயில் நிற்கிறது.

சிக்கல் முழுவதும் அந்த மலையின் வடிவத்திலேயே இருக்கிறது. வடக்கே, தாய்லாந்தின் சிசாகேட் மாகாணத்துப் பக்கம், மலை மெல்லச் சரிந்து இறங்குகிறது. தெற்கே, கம்போடியப் பக்கம், சுவர் போலச் செங்குத்தாக விழுகிறது. கோயிலோ சரிவான வடக்கைப் பார்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே கம்போடியாவின் கோயிலுக்கு இயல்பான வழி தாய்லாந்திலிருந்துதான் வருகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

சிவன் கோயில் என்கிறீர்கள், பெயரில் "விகார்" என்று இருக்கிறதே?

பெயர் பிற்காலத்தது. "பிரியா" என்றால் கெமர் மொழியில் புனிதமான என்று பொருள். "விகார்" நமக்குத் தெரிந்த விகாரைதான். தாய்லாந்துக்காரர்கள் "பிரா விகான்" என்கிறார்கள். நம் செய்தித்தாள்கள் ஆளுக்கொரு விதமாக எழுதுகின்றன. எல்லாம் ஒரே இடம்தான்.

கோயில் எழுந்த காலத்தில் இங்கிருந்த இறைவனின் பெயர் சிகரேஸ்வரர், சிகரத்தின் ஈசன். அங்கே கிடைத்த சமஸ்கிருத, கெமர் கல்வெட்டுகள் அந்தப் பெயரால்தான் அவரைக் குறிக்கின்றன.

யார் கட்டியது? சோழர்கள் கட்டியதாக வாட்ஸ்அப்பில் வந்ததே?

சோழர்கள் கட்டவில்லை. அந்தச் செய்தி எனக்கும் ஏழெட்டு முறை வந்துவிட்டது. கட்டியவர்கள், தலைநகர் அங்கோரிலிருந்து ஆண்ட கெமர் மன்னர்கள். 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில், முதலாம் யசோவர்மன் காலத்தில், அங்கே சிவனுக்கு ஓர் இருப்பிடம் அமைந்தது. இன்று நாம் காணும் கட்டடங்களில் பெரும்பகுதி 11-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஆண்ட முதலாம் சூரியவர்மன் காலத்தவை. 12-ஆம் நூற்றாண்டில், அங்கோர்வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் காலத்திலும் பணிகள் தொடர்ந்தன.

கல்வெட்டுகளில் வரும் மனிதர்களில் இருவரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவர் சுகர்மன். கம்பு என்பவரின் வம்சத்து அரசர்களின் வரலாற்றுப் பதிவுகளைக் காத்துவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அதற்காக அரசன் நிலம் தந்தான். அதாவது, இந்த மலைக்கோயில் ஒரு பேரரசின் ஆவணக் காப்பகமாகவும் இருந்திருக்கிறது. மற்றவர் திவாகர பண்டிதர், இரண்டாம் சூரியவர்மனின் குரு. கோயில் கோயிலாக யாத்திரை போய்க் காணிக்கை செலுத்தியவர். சிகரேஸ்வரருக்கு அவர் அளித்தவற்றில் ஆடும் சிவனின் பொன் திருமேனியும் ஒன்று. அந்தக் குன்றின் உச்சியில் விளக்கொளியில் மின்னிய அந்தப் பொன் கூத்தனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

அப்படியானால் தமிழ்நாட்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா?

தொடர்பு இருக்கிறது. அதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் என் வருத்தம். முதலாம் சூரியவர்மனும் நம் ராஜேந்திர சோழனும் ஒரே காலத்தவர்கள். காம்போஜ (அதாவது கம்போடிய) அரசன் நட்பை வேண்டி ராஜேந்திரனுக்குத் தேர் ஒன்றை அனுப்பினான் என்று கரந்தைச் செப்பேடு கூறுகிறது. காம்போஜ மன்னன் அளித்த ஒரு கல்லைச் சிதம்பரம் கோயிலில் பதித்த செய்தி, முதலாம் குலோத்துங்கன் காலக் கல்வெட்டில் இருக்கிறது. மதித்து உறவு கொண்டாடிய இரண்டு அரசுகள், அவ்வளவுதான்.

இன்னொரு சான்று கல்லிலேயே இருக்கிறது. அங்கோர் அருகே, 967-ல் குடமுழுக்குக் கண்ட பந்தியாய் ஸ்ரீ கோயிலின் கிழக்கு வாசல் முகப்பில் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவளைக் காரைக்கால் அம்மையார் என்றே அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். காரைக்காலில் பிறந்த ஒரு வணிகர் மகளின் பக்தி கடல் கடந்து அங்கே கல்லாகியிருக்கிறது. கட்டடத்துக்கு உரிமை கொண்டாடுவதைவிட இது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

உள்ளே பார்க்க என்ன இருக்கிறது? இடிபாடுதானே?

இடிபாடுகள் உண்டு, பார்க்கவும் நிறைய உண்டு. வடக்கு அடிவாரத்திலிருந்து உச்சி வரை சுமார் 800 மீட்டர் நீளத்துக்கு ஒரே நேர்கோட்டில் கோயில் ஏறிக்கொண்டே போகிறது. முதலில் சுமார் 160 கற்படிகள். பிறகு இருபுறமும் ஏழு தலை நாகங்கள் உடல் நீட்டிக் கிடக்கும் கல்பாவிய தளம். அதன்பின் ஒன்றன் மேல் ஒன்றாக ஐந்து வாசல் மண்டபங்கள். அவற்றையும் கோபுரம் என்றே ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள், ஆனால் நம் ஊர்க் கோபுரத்தைக் கற்பனை செய்யாதீர்கள். இவை சிலுவை வடிவில் பரந்த, உயரம் குறைந்த மண்டபங்கள். கீழிருந்து ஒவ்வொன்றாகக் கடக்கும்போதும் அடுத்தது வானத்தில் மிதப்பது போலத் தெரியும், அதற்கு மேல் எதுவும் தெரியாது.

கீழிருந்து இரண்டாவது மண்டபத்தின் தெற்கு வாசலுக்கு மேலே பாற்கடல் கடையும் காட்சி இருக்கிறது. பெரும்பாலோர் ஏறும் அவசரத்தில் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள், ஏனென்றால் அது பின்பக்கம் பார்த்திருக்கிறது. திரும்பி நின்றால்தான் தெரியும். ஆமையின் முதுகில் மத்து, அதைப் பற்றிக்கொண்டிருக்கும் விஷ்ணு, இருபுறமும் வாசுகியை இழுக்கும் தேவரும் அசுரரும். அதற்குக் கீழே உத்திரக் கல்லில் அதே விஷ்ணு பாம்பணையில் படுத்திருக்கிறார். நான் அங்கே நின்ற அரை மணி நேரத்தில், ஒரு கம்போடியப் பாட்டி பேத்தியைத் தூக்கிப் பிடித்து அந்த ஆமையைக் காட்டிக்கொண்டிருந்தார். மொழி புரியவில்லை, கதை புரிந்தது.

உச்சியில் கருவறைக் கோபுரம் சரிந்து கற்குவியலாகக் கிடக்கிறது. அதன் முன்மண்டபம் நிற்கிறது. அதற்குப் பின்னால் நிலம் முடிந்துவிடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் கம்போடியச் சமவெளிதான்.

கெமர் கோயில்கள் கிழக்கு பார்த்தவை என்பார்களே, இது ஏன் வடக்கு பார்த்திருக்கிறது?

முதல் பதிலில் சொன்ன மலை வடிவம்தான் காரணம் என்பது பொதுவான விளக்கம். கிழக்கும் தெற்கும் பள்ளத்தாக்கு. ஏறிவரக்கூடிய சரிவு வடக்கில்தான். அக்காலத்தில் மலைக்கு வடக்கே இருந்த கோராட் பீடபூமியும் கெமர் ஆட்சியில்தான் இருந்தது. பக்தர்கள் இருபுறமிருந்தும் வந்தார்கள். நடுவில் ஒரு நாட்டின் எல்லை வரும் என்று கட்டியவர்கள் எண்ணியிருக்கவே முடியாது.

புத்த மதத்தவர்கள் இந்துக் கோயிலைப் பிடித்துக்கொண்டார்களா?

இந்தக் கேள்வி சில சமயம் கோபத்தோடு வரும். இங்கே அப்படி எதுவும் நடந்ததாகச் சான்று இல்லை. 13-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு கெமர் மக்கள் படிப்படியாகத் தேரவாத பௌத்தத்துக்கு மாறினார்கள். கோயிலைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளே துறவிகளாக அங்கே வந்தார்கள். உண்மையில் அங்கோரில் உடைபட்டவை புத்தர் உருவங்கள். 13-ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஜயவர்மன் என்ற சைவ மன்னன் காலத்தில் அது நடந்தது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து.

இன்று முன்மண்டபத்தில் புத்தர் உருவங்களை வைத்து ஊதுவத்தி ஏற்றி வழிபடுகிறார்கள். காவி உடுத்த துறவிகள் வருகிறார்கள். சிகரேஸ்வரருக்கு நித்திய பூஜை இல்லை. ஆனால் இடம் புனிதமானது என்ற உணர்வு அறுபடவில்லை.

இரண்டும் புத்த நாடுகள். பிறகு எதற்கு ஒரு சிவன் கோயிலுக்காகச் சண்டை?

சண்டை மதத்தால் வந்ததில்லை. ஒரு வரைபடத்தால் வந்தது. அங்கோர் வீழ்ந்த பிறகு அந்த வட்டாரம் சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) பிடிக்குள் போனது. கம்போடியா 1863-ல் பிரான்சின் பாதுகாப்பின் கீழ் வந்தது. 1904-ல் பிரான்சும் சயாமும் ஒப்பந்தம் செய்தன. டாங்ரெக் மலையில் எல்லை நீர்பிரி முகட்டை ஒட்டிச் செல்லும் என்று அதில் எழுதினார்கள். மழைநீர் வடக்கே ஓடினால் சயாம், தெற்கே ஓடினால் கம்போடியா என்பது பொருள்.

நிலத்தை அளந்து வரைபடம் வரையும் வேலையைச் சயாம் அரசே பிரெஞ்சு அதிகாரிகளிடம் விட்டது. 1907 தேதியிட்ட அந்த வரைபடம் பாரிசில் அச்சாகி 1908-ல் பாங்காக் வந்து சேர்ந்தது. அதில் கோயில் இருந்த முனை கம்போடியாவுக்குள் விழுந்தது. நீர்பிரி முகட்டின்படி பார்த்தால் கோயில் தங்களுடையது, வரைபடம் தவறு என்பதுதான் பிற்காலத்தில் தாய்லாந்து முன்வைத்த வாதம்.

வரைபடம் தவறென்றால் அப்போதே சொல்லியிருக்கலாமே?

வழக்கின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். சொல்லவில்லை. வரைபடங்கள் வந்தபோது, அப்போதைய உள்துறை அமைச்சர் இளவரசர் டாம்ராங் நன்றி தெரிவித்து, மாகாண ஆளுநர்களுக்கு அனுப்ப இன்னும் 15 பிரதிகள் கேட்டார். 1930-ல் அதே டாம்ராங் கோயிலுக்கு வந்தார். பிரெஞ்சு அதிகாரி ஒருவர் பிரெஞ்சுக் கொடியைப் பறக்கவிட்டு அவரை அங்கே வரவேற்றார். இது எங்கள் மண் என்று டாம்ராங் சொல்லவில்லை. பாங்காக் திரும்பிய பிறகு அங்கே எடுத்த புகைப்படங்களை அந்த அதிகாரிக்கே அனுப்பிவைத்தார்.

1934-35-ல் சயாம் தானே நில அளவை செய்து, முகட்டுக்கும் வரைபடத்துக்கும் வேறுபாடு இருப்பதைக் கண்டது. அதன் பிறகும் கோயிலைக் கம்போடியாவுக்குள் காட்டும் வரைபடங்களை வெளியிட்டுவந்தது. 1941-ல் ஜப்பானின் தயவால் அந்தப் பகுதி தாய்லாந்துக்குக் கிடைத்தது. 1946-ல் அதைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. 1953-ல் கம்போடியா விடுதலை பெற்றது. மறு ஆண்டே தாய்லாந்துப் படை மலையேறிக் கோயிலில் உட்கார்ந்துவிட்டது.

உலக நீதிமன்றம் சரியாக என்ன சொன்னது?

கம்போடியா 1959 அக்டோபரில் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. கம்போடியாவுக்காக வாதாடியவர்களில் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் டீன் அச்சிசன் ஒருவர். தாய்லாந்துக்காக வாதாடியவர்களில் அந்நாட்டின் முன்னாள் பிரதமர் சேனி பிரமோஜ் ஒருவர். 1962 ஜூன் 15-ல் தீர்ப்பு வந்தது. கோயில் கம்போடியாவின் நிலத்தில் இருக்கிறது, தாய்லாந்து படையை விலக்கிக்கொள்ள வேண்டும்: இவை 9-க்கு 3 என்ற கணக்கில். 1954-க்குப் பின் எடுத்துச் சென்ற சிற்பங்களையும் பொருள்களையும் திருப்பித் தர வேண்டும்: இது 7-க்கு 5.

கவனிக்க வேண்டியது, நீதிமன்றம் எதைப் பார்க்கவில்லை என்பதை. யார் கட்டினார்கள், யார் வழிபட்டார்கள், யாருடைய பண்பாடு என்பவற்றை வைத்துத் தீர்ப்பு எழுதவில்லை. நீர்பிரி முகடு உண்மையில் எங்கே போகிறது என்றுகூட முடிவு செய்யவில்லை. அரை நூற்றாண்டு மறுப்புச் சொல்லாமல் இருந்ததால் தாய்லாந்து அந்த வரைபடத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதே தீர்ப்பின் அடிப்படை. முந்தைய பதிலில் வந்த 15 பிரதிகளும் 1930-ஆம் ஆண்டுப் பயணமும் தீர்ப்பிலேயே பேசப்படுகின்றன.

கோயில் கம்போடியாவுக்கு, சுற்றியுள்ள நிலம் தாய்லாந்துக்கு என்றுதானே தீர்ப்பு?

தாய்லாந்தில் பலர் அப்படி நம்புகிறார்கள். நம் தொலைக்காட்சி விவாதங்களிலும் கேட்டேன். 1962 தீர்ப்பு கோயிலையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றிப் பேசியது. சுற்றுப்புறம் எதுவரை என்று கோடு போடவில்லை. ஒரே மாதத்தில் தாய்லாந்து அமைச்சரவை தானே ஒரு கோடு போட்டு, கோயிலை நெருக்கி முள்வேலி கட்டியது. அந்த வேலிக்கும் பழைய வரைபடக் கோட்டுக்கும் இடையில் சிக்கியதுதான் செய்திகளில் வரும் "4.6 சதுர கிலோமீட்டர்".

கம்போடியா 2011-ல் விளக்கம் கேட்டு மீண்டும் ஹேக் போனது. 2013 நவம்பர் 11-ல் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது: கோயில் நிற்கும் பாறை முனை முழுவதும் கம்போடியாவுடையது. முள்வேலிக் கோடு செல்லாது. ஆனால் மேற்கே பக்கத்துக் குன்றான புனம் டிராப் அந்த முனையில் சேராது. அதைப் பற்றி 1962 தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. இரு தரப்பும் வெற்றி என்று அறிவித்துக்கொண்டன.

1962-ல் முடிந்த வழக்கு 2008-ல் ஏன் வெடித்தது?

2008 ஜூலை 7-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்கு ஆதரவாகத் தாய்லாந்து வெளியுறவு அமைச்சர் நொப்பதோன் பட்டாமா ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டிருந்தார். அப்போது பாங்காக் தெருக்களில் அரசுக்கு எதிரான போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. "கோயிலை விற்றுவிட்டார்கள்" என்ற முழக்கம் எதிர்ப்பாளர்களுக்கு வசதியாகக் கிடைத்தது. நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் கையெழுத்திட்டது தவறு என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் கூறவே, அமைச்சர் பதவி விலகினார். கம்போடியாவிலும் தேர்தல் நேரம். இரு பக்கமும் படை குவிந்தது. 2008 அக்டோபரில், 2009 ஏப்ரலில், 2011 பிப்ரவரியில் உயிர்கள் போயின. ஆயிரம் ஆண்டு மழையைத் தாங்கிய கற்களில் குண்டுகள் பட்ட வடுக்களை நான் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன்.

போர் என்றால் இந்த எல்லைச் சண்டை மட்டும்தானா? கெமர் ரூஜ் காலத்தில் கோயில் என்ன ஆனது?

1975 ஏப்ரலில் தலைநகர் புனோம்பென் கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜிடம் வீழ்ந்த பிறகும் பழைய அரசின் சிறு படை ஒன்று இந்த மலையில் தாக்குப்பிடித்தது. மே 22-ல் அதுவும் வீழ்ந்தது. 1998 டிசம்பரில் கெமர் ரூஜின் கடைசிப் போராளிகள் சரணடைவதற்கான பேச்சு நடந்ததும் இந்தக் கோயிலில்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவே நடந்ததை யாரும் கேட்பதில்லை, ஆகவே நானே சொல்கிறேன். 1979 ஜூனில், தஞ்சம் தேடி வந்த கம்போடிய அகதிகள் 40,000-க்கும் மேற்பட்டோரைத் தாய்லாந்துப் படையினர் பஸ்களில் ஏற்றி இந்த மலைக்குக் கொண்டுவந்து, துப்பாக்கி முனையில் செங்குத்துச் சரிவு வழியாகக் கீழே விரட்டினார்கள். கீழே கண்ணிவெடிகள் புதைந்த காடு. குழந்தைகளும் முதியவர்களும் வெடியிலும் தாகத்திலும் இறந்தார்கள். எந்தக் கல் யாருக்கு என்ற வாதத்தில் இந்த மனிதர்கள் மறக்கப்படுவது எனக்குப் பொறுக்கவில்லை.

2025 சண்டையும் இதே கோயிலுக்காகத்தானா?

முழுக்க அப்படி இல்லை. ஜூலை 24-ல் சண்டை மூண்டது மேற்கே வெகு தொலைவிலுள்ள தா மோன் தோம் கோயில் அருகில். அதுவும் சிவன் கோயில்தான். இயற்கைப் பாறையே அங்கே லிங்கம். இரு நாட்டுப் படைகளும் அங்கே அருகருகே காவல் நிற்கும் நிலை இருந்தது. சண்டை எல்லை நெடுகப் பரவி, லட்சக்கணக்கானோர் வீடுகளை விட்டு ஓடினார்கள். பிரியா விகாரும் சேதமடைந்ததாகக் கம்போடியா குற்றம் சாட்டியது. ஜூலை 28-ல் மலேசியாவில் போர்நிறுத்தம் உடன்பாடானது. டிசம்பரில் மறுபடியும் மூண்டது.

தா மோன் தோம் உள்ளிட்ட சில இடங்களையும் ஹேக் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகக் கம்போடியா விரும்புகிறது. அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தைத் தாய்லாந்து ஏற்கவில்லை. 1962-ன் காயம் ஆறாததுதான் காரணம் என்பது என் எண்ணம்.

சட்டம் கிடக்கட்டும், நியாயமாக அது யாருக்குச் சொந்தம்?

சட்டப்படி கம்போடியாவுக்கு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வடக்குச் சரிவில், சிசாகேட்டிலும் சுரினிலும், இன்றும் கெமர் பேசும் லட்சக்கணக்கானோர் தாய்லாந்துக் குடிமக்களாக வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர்களும் அந்தப் படிகளில்தான் ஏறினார்கள். அவர்களுக்கு அந்த மலை அயல்நாடு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. 2008-க்கு முன் தாய்லாந்துப் பக்கத்து வாயில் திறந்திருந்த ஆண்டுகளில், விசா இல்லாமல் ஒரு நாள் டிக்கெட் எடுத்து அவர்கள் ஏறி வந்தார்கள். உரிமை ஒருவரிடம், வழி இருவருக்கும் என்ற அந்த ஏற்பாடு திரும்ப வர வேண்டும் என்பதே என் விருப்பம். கோயிலைப் பாதுகாக்கும் பன்னாட்டு ஒருங்கிணைப்புக் குழுவுக்கு இந்தியாவும் சீனாவும் இணைத் தலைமை ஏற்றிருக்கின்றன; அங்கே நம் நாடு இதைப் பேசலாம்.

நாங்கள் போய்ப் பார்க்க முடியுமா?

எல்லையில் அமைதி உறுதியாகும்வரை போகாதீர்கள். கண்ணிவெடி ஆபத்து வெறும் பேச்சில்லை. நிலைமை சீரான பிறகு சியாம் ரீப் நகரிலிருந்து காரில் போவது எளிது. மலையடிவாரத்தில் காரை விட்டுவிட்டு, பிக்கப் வண்டியின் பின்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு செங்குத்தான கான்கிரீட் சாலையில் ஏற வேண்டும். வயதானவர்களுக்கு முன்னிருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

வண்டி உங்களைக் கோயிலின் நடுப்பகுதிக்கு அருகே இறக்கிவிடும். எல்லோரும் அங்கிருந்து நேராக உச்சிக்கு நடப்பார்கள். நீங்கள் முதலில் வடக்கே இறங்கி, நாகங்கள் காக்கும் அந்தப் பழைய படிகளின் அடிக்குப் போய்விட்டு, அங்கிருந்து ஏறத் தொடங்குங்கள். இரண்டாவது மண்டபத்தைக் கடந்ததும் திரும்பி நின்று தலைக்கு மேலே பாருங்கள். ஆமை அங்கே இருக்கும்.